பிள்ளைகளிடம் உண்மையைச் சொல்

விழுப்புரம்
08.06.2025

அன்புள்ள தம்பி கதிருக்கு,

அக்கா எழுதுவது. அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. மாடிப்படி ஏறுவதை மட்டும் நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். நீ போனில் கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் இது அவசரமாகப் பேசி முடிக்கிற விஷயம் இல்லை. வகுப்புக்குப் போகுமுன் நீ ஒருமுறை எடுத்துப் படித்துக்கொள்ளும்படி இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ஜூன் 26 போதைப்பொருள் ஒழிப்பு நாளில் உறுதிமொழி, ஊர்வலம், ஓவியப் போட்டி எல்லாம் வழக்கம்போல் நடக்கும், அதோடு பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளிடம் ஒரு மணி நேரம் பேசும் பொறுப்பை உன்னிடம் கொடுத்திருக்கிறார்கள் என்றாய். "என்ன சொன்னா பசங்க பயப்படுவாங்க அக்கா?" என்று கேட்டாய். அந்தக் கேள்விதான் இரண்டு நாளாக மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. பிள்ளைகள் ஏற்கெனவே நிறையப் பயந்துதான் இருக்கிறார்கள், கதிர். அந்தப் பயம் என்ன செய்கிறது என்பதை அவசர சிகிச்சைப் பிரிவில் நிற்கிற எங்களைக் கேள்.

ராத்திரி நேரத்தில் பையன்கள் ஒருவனைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். "என்னப்பா சாப்பிட்டான்?" என்று கேட்டால், "சாப்பாடு ஒத்துக்கல சிஸ்டர்" என்பார்கள். இன்னொருமுறை கேட்டால் தரையைப் பார்ப்பார்கள். வாசலில் இறக்கிவிட்டு மறைந்துபோகிறவர்களும் உண்டு. கெட்ட பிள்ளைகள் இல்லை. போலீசுக்கும் அப்பாவுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பயந்த பிள்ளைகள். குடித்தானா, மாத்திரை போட்டானா, ஊசியா, இரண்டும் சேர்த்தா, எத்தனை மணிக்கு என்று தெரிந்தால் டாக்டர் உடனே சரியான சிகிச்சையைத் தொடங்கலாம். தெரியாமல் தேடுகிற ஒவ்வொரு நிமிஷமும் அந்தப் பையனின் கணக்கில்தான் குறைகிறது. கொண்டுவருவதற்கு முன்பே "தூங்கி எழுந்தா சரியாயிடும்" என்று எங்கோ ஒரு மூலையில் படுக்க வைத்துவிட்டு, விடிந்த பிறகு தூக்கி வருவதையும் பார்த்திருக்கிறேன்.

அதனால் உன் ஒரு மணி நேரத்துக்கு நான் வைக்கிற வேலை இதுதான்: வகுப்பு முடியும்போது, ஆபத்து வந்தால் பெரியவர் ஒருவரிடம் மறைக்காமல் சொல்லலாம் என்ற நம்பிக்கை ஒவ்வொரு பிள்ளைக்கும் வந்திருக்க வேண்டும். அந்த நம்பிக்கை வர வேண்டுமானால் நீ சொல்வது முழுக்க உண்மையாக இருக்க வேண்டும்.

பிள்ளைகள் நாம் சொல்வதைத் தாங்கள் பார்ப்பதோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். "ஒரு தடவை தொட்டால் வாழ்க்கையே போச்சு" என்று நீ சொல்கிறாய். தினமும் டாஸ்மாக் போய்விட்டு மறுநாள் காலை வேலைக்குப் போகிற அப்பா அவன் வீட்டில் இருக்கிறார். கஞ்சா அடித்துவிட்டும் பரீட்சையில் பாஸான அண்ணன் தெருவில் இருக்கிறான். நீ சொன்னது பொய் என்று அவனே கண்டுபிடித்துவிடுகிறான். அதோடு விட்டுவிட மாட்டான். அடுத்து நீ சொல்கிற உண்மையான எச்சரிக்கையையும் அதே பொய்க்கணக்கில் சேர்த்துவிடுவான். வலி மாத்திரையை ஊசியாகப் போட்டால் மூச்சே நின்றுவிடலாம் என்பது கொஞ்சமும் மிகையில்லாத உண்மை. கஞ்சாவைப் பற்றி மிகைப்படுத்திச் சொன்ன ஆசிரியர் இதைச் சொன்னால் யார் நம்புவார்கள்?

அமெரிக்காவில் இதைப் பெரிய அளவில் செய்து பார்த்துவிட்டார்கள். 1983-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் 'டேர்' என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். சீருடை அணிந்த போலீஸ்காரர் வகுப்புக்கு வந்து போதைப்பொருளை மறுக்கச் சொல்லிக் கொடுப்பார். நாடு முழுக்கப் பரவியது, பெற்றோருக்கும் பிடித்திருந்தது. ஆனால் அந்த வகுப்பில் உட்கார்ந்த பிள்ளைகளையும் உட்காராத பிள்ளைகளையும் பல ஆண்டுகள் தொடர்ந்து ஒப்பிட்ட ஆய்வுகளை அந்நாட்டு அரசின் தணிக்கை அமைப்பே தொகுத்துப் பார்த்து, போதைப் பழக்கத்தில் இரண்டு தரப்புக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை என்று 2003-இல் சொன்னது. அதன் பிறகு அந்தத் திட்டம் தன் பாடத்தையே மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று.

சரி, எதைச் சொல்வது? முதல் வாக்கியத்தில் சந்தேகமே வேண்டாம்: எதையும் தொடாமல் இருப்பதுதான் உங்கள் வயதில் மிகப் பாதுகாப்பு என்று தெளிவாகச் சொல். மூளை இருபதுகளின் நடுப்பகுதி வரை வளர்ந்துகொண்டிருக்கிறது, பழக்கம் சீக்கிரம் தொடங்கினால் அடிமைத்தனமும் சீக்கிரம் பிடிக்கும் என்று காரணத்தோடு சொல். அதன் பிறகு உங்கள் பக்கத்தில் உண்மையில் என்ன புழங்குகிறதோ அதை மட்டும் எடுத்துக்கொள். கொக்கைன் பற்றிப் பத்து நிமிஷம் பேசி, உதட்டுக்குள் வைக்கிற கூல் லிப் புகையிலையை விட்டுவிடாதே.

சாராயத்திலிருந்து தொடங்கு. கல்வராயன் மலை அடிவாரத்து ஊர்களிலிருந்து வருகிற பிள்ளைகள் உன் வகுப்பில் இருக்கிறார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 65-க்கும் மேற்பட்டவர்கள் செத்தபோது அவர்களில் யார் வீட்டில் எழவு விழுந்தது என்று உனக்குத் தெரியும். அதற்கு முந்தைய வருஷம் மே மாதம் மரக்காணம் எக்கியார்குப்பத்திலும் மதுராந்தகம் பக்கமும் 20-க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். "குடித்தால் சாவு" என்று மட்டும் சொன்னால் அந்தச் சாவுகளிலிருந்து பிள்ளைகள் ஒன்றும் கற்றுக்கொள்ள முடியாது. அந்தப் பாக்கெட்டில் இருந்தது மெத்தனால் என்று சொல். ஆலைகளுக்கான ரசாயனம் அது. நாக்கில் வைத்தோ முகர்ந்தோ அதைக் கண்டுபிடிக்க முடியாது. உடம்புக்குள் போனதும் கல்லீரல் அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றும். அந்த அமிலம்தான் கண் நரம்பைக் கொல்வதும் ரத்தத்தைப் புளிக்க வைப்பதும். அப்படி மாறுவதற்குப் பல மணி நேரம், சில சமயம் ஒரு நாள்கூட ஆகும். அதனால்தான் குடித்தவர் நன்றாக நடந்து வீட்டுக்கு வருகிறார், சாப்பிடுகிறார், தூங்குகிறார். மறுநாள் வயிற்றைப் புரட்டும், வாந்தி வரும், கண் மங்கும், மூச்சு வாங்கும். வெறும் வயிற்று வலி என்று சோடா குடித்துப் படுத்தவர்கள்தான் நேரத்தை இழந்தார்கள். சீக்கிரம் வந்தால் மாற்று மருந்து இருக்கிறது, டயாலிசிஸ் இருக்கிறது, உயிரும் பல நேரம் கண்ணும் தப்பும். "சாராயம் குடிச்சாரு, கண்ணு மங்குதுங்கிறாரு" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வாருங்கள் என்று பிள்ளைகளிடம் சொல். ஒரே பாக்கெட்டைக் குடித்த மற்றவர்களுக்கு ஒன்றும் தோன்றாவிட்டாலும் அவர்களையும் கூட்டி வரச் சொல்.

குடியைப் பற்றி இன்னொன்றும் இருக்கிறது, அதை எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை. பல வருஷமாகத் தினமும் குடிக்கிறவர் ஒரே நாளில் நிறுத்தினால் அதுவே ஆபத்தாகலாம். கை நடுங்கும், வேர்க்கும், தூக்கம் வராது. இரண்டு நாளைக்குள் வலிப்பு வரலாம். அதற்கு அடுத்த நாட்களில் இல்லாத உருவம் தெரிந்து, இருக்கிற ஆள் யாரென்று தெரியாமல் போகலாம். கோயிலில் கயிறு கட்டிக்கொண்டதும், மாலை போட்டதும், மகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்ததும் இப்படி வார்டுக்கு வருகிறவர்களை நாங்கள் பார்க்கிறோம். நிறுத்துகிற முடிவு நல்ல முடிவு. அதை ஆஸ்பத்திரியில் மருந்தோடு செய்ய வேண்டும் என்று பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்லட்டும். எய்ம்ஸ் நடத்திய தேசியக் கணக்கெடுப்பு 2019-இல் வந்தது. குடிக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவர்தான் ஏதாவது சிகிச்சை பெற்றதாக அதில் தெரிந்தது. மீதி 37 பேரின் பிள்ளைகளில் சிலர் உன் வகுப்பிலும் உட்கார்ந்திருப்பார்கள். நீ 'குடிகாரன்' என்று ஏளனமாகச் சொன்னால் அவர்கள் தலை குனிவார்கள், அதற்குப் பிறகு உன்னிடம் எதுவும் கேட்க மாட்டார்கள். அந்தச் சொல் உன் வாயில் வரவே வேண்டாம்.

அடுத்து கூல் லிப். தடை இருந்தும் பள்ளிக்கூடத்தைச் சுற்றியே கிடைக்கிறது என்று நீயே சொன்னாய். 'லேசான சமாச்சாரம்' என்று பையன்கள் நினைக்கிறார்கள். உள்ளே இருப்பது புகையிலை. அதன் நிகோடின் உதட்டுத் தோல் வழியாகவே ரத்தத்தில் ஏறும். வாய்ப் புற்றுநோய் பல வருஷம் கழித்து வருவது, பதினாறு வயதுக்கு அது எட்டாத தூரம். அதனால் இன்றைக்கு அவர்கள் உடம்பில் நடப்பதைச் சொல்: காலையில் எழுந்ததும் முதல் நினைப்பு அதுவாக இருந்தால், இல்லாதபோது எரிச்சல் வந்தால், நிகோடின் பிடித்துவிட்டது. விட்டால் முதல் இரண்டு மூன்று நாள்தான் மிகக் கடினம். தலைவலி, கோபம், கவனம் நிற்காமை எல்லாம் வரும், சில வாரத்தில் தணிந்துவிடும். இது முன்கூட்டியே தெரிந்த பையன் மூன்றாம் நாள் தோற்க மாட்டான். புகையிலையை விட உதவுகிற தேசிய இலவச எண் 1800-11-2356. கரும்பலகையில் எழுதிப் போடு.

கஞ்சாவைப் பற்றி மிகக் கவனமாகப் பேசு. நீ அளந்து பேசுகிறாயா என்று பையன்கள் சோதித்துப் பார்ப்பது இதில்தான். கஞ்சா குடித்ததும் செத்துவிடுவார்கள் என்று சொல்லாதே, அது நடப்பதில்லை. தொடுகிறவர்களில் ஏறத்தாழ 10 பேரில் ஒருவர் அடிமையாகிறார், பதின்வயதில் தொடங்கினால் அது ஏறத்தாழ 6 பேரில் ஒருவராகிறது என்று சொல். குடும்பத்தில் யாருக்காவது மனச்சிதைவு நோய் இருந்தால் அந்தப் பிள்ளைக்குக் கஞ்சா மற்றவர்களைவிடப் பெரிய ஆபத்து. காதில் குரல் கேட்பது, எல்லோரும் தன்னையே பார்ப்பதாகத் தோன்றுவது, காரணமில்லாத பயம் இவை வந்தால் உடனே மனநல மருத்துவரிடம் போக வேண்டும். அந்த மயக்கத்தில் பைக் ஓட்டியவனும் பின்னால் உட்கார்ந்தவனும் எலும்பு நொறுங்கி எங்களிடம் வருகிறார்கள். "யார் ஓட்டினாலும், போட்டிருந்தா சாவியை வாங்கிடு" என்பதை நண்பர்களுக்குள் ஒரு வழக்கமாக்கச் சொல்.

என்னை மிகவும் பயமுறுத்துவது வலி மாத்திரைதான். டேபென்டடால் மாதிரி மாத்திரைகள் ஆபரேஷன் வலிக்கும் கடும் முதுகு வலிக்கும் டாக்டர் எழுதிக் கொடுப்பவை. மெடிக்கல் ஷாப் மாத்திரைதானே, கஞ்சா அளவுக்கு மோசமில்லை என்று பையன்கள் நினைக்கிறார்கள். அது அபின் வகையோடு சேர்ந்த மருந்து. அளவு மீறினால் மூளை மூச்சுவிடச் சொல்வதை மறந்துவிடும். குடியோடோ தூக்க மாத்திரையோடோ சேர்ந்தால் கொஞ்ச அளவிலும் அது நடக்கும். ஊசியாக ஏற்றினால், மாத்திரையில் சேர்த்திருக்கிற மாவுப்பொருள் நுரையீரலின் நுண்ணிய ரத்தக் குழாய்களை அடைத்துவிடும், ஊசி போட்ட இடம் சீழ் பிடிக்கும். ஒரே ஊசியைப் பகிர்ந்தால் எச்.ஐ.வி.யும் கல்லீரல் அழற்சியும் கூடவே வரலாம். மணிப்பூரில் 1989-90 வாக்கில் ஊசிப் பழக்கம் உள்ளவர்களிடம் எச்.ஐ.வி. நுழைந்து ஓராண்டுக்குள் ஏறத்தாழ பாதிப்பேருக்குப் பரவியது. சுத்தமான ஊசி கொடுப்பதையும் மாற்று மருந்து கொடுப்பதையும் பிறகு நம் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டமே ஏற்றுக்கொண்டு இன்றுவரை செய்கிறது. பழக்கத்தை விடுகிற வரைக்கும் ஆள் உயிரோடும் நோயில்லாமலும் இருக்க வேண்டும் என்பதே அதன் நியாயம். இன்னொரு உண்மையும் உண்டு. கொஞ்ச நாள் நிறுத்திவிட்டு, சிகிச்சை மையத்திலிருந்தோ சிறையிலிருந்தோ வந்து, பழைய அளவையே எடுத்தவர்கள் பலர் அன்றைக்கே போய்விடுகிறார்கள். உடம்புக்குப் பழைய தாங்கும் சக்தி போயிருக்கும். இது தெரிந்த நண்பன் ஒருவன் பக்கத்தில் இருந்தால் ஓர் உயிர் மிஞ்சும்.

எனவே கடைசிப் பதினைந்து நிமிஷத்தைச் செய்முறைக்கு வை. தட்டி, பேர் சொல்லிக் கூப்பிட்டும் எழவில்லை, மூச்சு மெதுவாக அல்லது விட்டு விட்டு வருகிறது, தொண்டையில் கரகரவென்று குறட்டை மாதிரிச் சத்தம், உதடும் நகமும் நீலம், கண்மணி குண்டூசி முனை அளவுக்குச் சுருங்கியிருக்கிறது: இது தூக்கம் இல்லை, சாவுக்கு முந்தைய நிலை. 108-ஐக் கூப்பிட வேண்டும். ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், வாந்தி வந்தாலும் மூச்சுக்குழாயில் போகாது. தனியாக விட்டுப் போகக் கூடாது. மோர், எலுமிச்சைச் சாறு, உப்புத் தண்ணீர் எதையும் வாயில் ஊற்றக் கூடாது. மூச்சே இல்லையென்றால் வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுக்க வேண்டும். எடுத்த மாத்திரை அட்டை கிடந்தால் கையோடு கொண்டுவர வேண்டும். ஆஸ்பத்திரியில் நலோக்ஸோன் என்ற ஊசி இருக்கிறது, அபின் வகை மருந்து நிறுத்திய மூச்சைச் சில நிமிஷத்தில் திருப்பிக் கொண்டுவரும். இரண்டு பிள்ளைகளை முன்னால் கூப்பிட்டு, ஒருவனைப் படுக்க வைத்து, இன்னொருவனை ஒருக்களிக்கச் செய்து காட்டு. கையால் செய்தது மறக்காது.

"இதையெல்லாம் சொன்னா நாமே கத்துக்கொடுத்த மாதிரி ஆயிடாதா?" என்று தலைமையாசிரியர் கேட்பார். பெற்றோரும் கேட்பார்கள். நியாயமான கவலைதான். பாம்பு கடித்தால் என்ன செய்வது என்று பள்ளியில் சொல்லித் தருகிறோம். அதனால் எந்தப் பிள்ளையும் பாம்பைத் தேடிப் போனதில்லை என்று சொல். எப்படி எடுப்பது, எவ்வளவு எடுப்பது, எங்கே கிடைக்கும் என்பவற்றை நீ ஒருபோதும் சொல்லப் போவதில்லை. ஊசி போடுகிற படத்தையும் காட்ட வேண்டாம், பழகியவர்களுக்கு அது ஆசையைக் கிளப்பிவிடும். ஆறாம் வகுப்புக்கு இந்தப் பாடம் வேண்டாம். அவர்களுக்கு முன்பின் தெரியாதவர் கொடுப்பதை வாங்காதே, நண்பன் விழுந்தால் பெரியவரைக் கூப்பிடு என்பது போதும்.

இப்படி வெளிப்படையாகப் பேசுவதில் நம் மாநிலத்துக்கே அனுபவம் உண்டு. 1986-இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றைக் கண்டுபிடித்தபோது, ஆணுறை என்ற சொல்லை வெளியில் சொல்லவே கூசிய காலம். பேசினால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்றுதான் அப்போதும் சொன்னார்கள். பிறகு 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்று சுவரெல்லாம் எழுதினோம், வீட்டுக்கு வீடு பேச்சாயிற்று. 2000-க்கும் 2004-க்கும் இடையில் தென்மாநிலங்களில் 15 முதல் 24 வயது வரையிலான கர்ப்பிணிகளிடம் எச்.ஐ.வி. தொற்று மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. ஆணுறைப் பயன்பாடு கூடியது அதற்கு முக்கியக் காரணம் என்று ஆராய்ந்தவர்கள் கருதினார்கள். வெளிப்படையாகப் பேசியதால் நம் பிள்ளைகள் கெட்டுப்போகவில்லை, பிழைத்தார்கள்.

சட்டத்தையும் சொல், அதுவும் முழுதாக. போதைப்பொருள் சட்டம் 1985-இல் வந்தது. வைத்திருப்பதும் பயன்படுத்துவதும் குற்றம், விற்றால் கடும் தண்டனை. இதை மறைக்காதே. அதே சட்டத்தின் 64-ஏ பிரிவில், பயன்படுத்திய குற்றத்துக்கோ சிறு அளவு வைத்திருந்த குற்றத்துக்கோ ஆளான அடிமைப்பட்டவர், தாமாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சையை முழுமையாக எடுத்தால் வழக்கிலிருந்து விலக்கு உண்டு. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்த விலக்கு திரும்பப் பெறப்படலாம் என்பதையும் சேர்த்துச் சொல். சிறார் நீதிச் சட்டத்தின் 77-ஆம் பிரிவு, பிள்ளைக்கு மதுவோ போதைப்பொருளோ கொடுப்பவருக்கு 7 ஆண்டு வரை சிறை என்கிறது. அதாவது பிள்ளைக்கு எதிராகக் குற்றம் நடந்திருக்கிறது என்ற கண்ணோடு பார்க்க நம் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. பையைச் சோதித்து, டி.சி. கொடுத்து வெளியே அனுப்பினால், அந்தப் பையனுக்கு இருந்த பாதுகாப்பான ஒரே இடமும் போய்விடும். தலைமையாசிரியரிடம் இதைப் பொறுமையாகப் பேசு. தானே வந்து சொல்கிற பிள்ளை மேல் நடவடிக்கை இல்லை என்ற ஒரு வாக்கை அவரிடம் வாங்கிக்கொண்டு வகுப்புக்குள் போ. அந்த வாக்கு கிடைக்காவிட்டால் பிள்ளைகளிடம் அதை வாக்களிக்காதே. பொய்யான பாதுகாப்பு அவர்களுக்குப் பெரிய துரோகம்.

பலகையில் நான்கு எண் இருக்கட்டும்: 108 உயிருக்கு ஆபத்து என்றால். 14446 போதையிலிருந்து மீள ஆலோசனைக்கு. 1098 குழந்தைகள் உதவிக்கு. புகையிலைக்கு மேலே சொன்னது. மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் இலவசமாகப் பார்ப்பார்கள் என்பதையும் சொல். கேள்வி கேட்கப் பெயர் எழுதாத சீட்டுகளை வாங்கு. 'என் ஃபிரெண்டு' என்று தொடங்குகிற சீட்டுகளை மிகக் கவனமாகப் படி. பதில் தெரியாததற்கு "கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லி, உண்மையாகவே கேட்டுச் சொல். என்னிடம் அனுப்பு, டாக்டரிடம் கேட்டு எழுதுகிறேன்.

26-ஆம் தேதி உறுதிமொழியும் எடுக்கட்டும், ஊர்வலமும் போகட்டும். அதில் தவறில்லை. உன் வகுப்பில் மட்டும் இன்னொரு வாக்கு இருக்கட்டும்: யாருக்காவது ஆபத்து என்றால் மறைக்க மாட்டேன், விட்டு ஓட மாட்டேன், என்ன எடுத்தான் என்று டாக்டரிடம் சொல்வேன். ஏற்கெனவே பழகிவிட்ட பிள்ளையும் கூசாமல் எடுக்கக்கூடிய உறுதிமொழி இது. அவனையும் சேர்த்துக்கொள்ளாத எந்த உறுதிமொழியும் அவனை இன்னும் கொஞ்சம் இருட்டுக்குள் தள்ளும்.

அன்று பகலில் எனக்கு டியூட்டி இல்லாமல் மாற்றிக்கொள்கிறேன். தலைமையாசிரியர் சரி என்றால் நானே வந்து அந்தப் பதினைந்து நிமிஷச் செய்முறையைச் செய்து காட்டுகிறேன். கேட்டுவிட்டு வெள்ளிக்கிழமைக்குள் போன் செய். அம்மா உனக்கு மாங்காய் ஊறுகாய் எடுத்து வைத்திருக்கிறார்கள், வரும்போது கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
அக்கா